‘கதையின் நீதி என்ன?’ என்று கேட்காத வாசிப்பு வகுப்பு: தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

நம் வகுப்பில் ஒரு கதை முடிந்ததும் அடுத்து என்ன கேள்வி வரும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். “இந்தக் கதை உணர்த்தும் நீதி என்ன?” கை தூக்குகிற நாலு பேரும் நாலு பதில்களுக்குள் நின்றுவிடுவார்கள். பேராசை கூடாது, பொய் சொல்லக் கூடாது, பெரியவர் சொல் கேட்க வேண்டும், ஒற்றுமையே பலம். கதை வாசிக்கும்போது தூங்கியவனும் இதில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நானும் பல வருஷம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான்காம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை, ஒரு பையன் எழுந்து, “டீச்சர், நீதி ஒற்றுமையே பலம்தானே?” என்றான். அட்டையில் நாலு மாடும் ஒரு சிங்கமும் இருந்தன. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு அந்தக் கேள்வியை விட்டேன். அந்த இடத்தில் எதை வைப்பது என்று தெரிய இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆனது. அப்படித் தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். 3 முதல் 6ஆம் வகுப்பு வரை இது அப்படியே செல்லும். ஒரு பீரோ புத்தகம், கொஞ்சம் கயிறு, ஒருபக்கம் அச்சான பழைய தாள், வாரத்தில் மொத்தம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தால் சரி.

முதலிலேயே என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயல்பாடு நல்லதா இல்லையா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இதைச் செய்ய பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டுமா? முயல் முகமூடி வெட்டி வண்ணம் தீட்டுவது பார்க்க அழகு. ஆனால் முயல் கதையைப் படிக்காத பிள்ளையும் அதைச் செய்துவிட முடியும். அதைக் கைவேலை பீரியடுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பீரோவைத் திறப்பது

பல பள்ளிகளில் புத்தகம் இருக்கிறது, ஆனால் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி தலைமையாசிரியர் அறையில். காரணமும் நமக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தால், தொலைந்தால், தணிக்கையில் யார் பதில் சொல்வது? இந்தப் பயத்தைத் தீர்க்காமல் வாசிப்பு மூலைக்குத் தோரணம் கட்டிப் பயனில்லை.

நான் ஒரு நாற்பது புத்தகங்களை மட்டும் என் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வருஷக் கடைசியில் கணக்கு ஒப்படைத்தபோது மூன்று குறைந்தன, ஐந்தாறு கிழிந்திருந்தன. இருபது வருஷம் பூட்டி வைத்ததில் கரையான் தின்ற புத்தகங்களுக்கு இதுவரை யாரும் கணக்குக் கேட்கவில்லை என்பதைப் பணிவாக நினைவூட்டினேன். அடுத்த வருஷம் எண்பது கிடைத்தது. உங்கள் தலைமையாசிரியர் நூல்களை மதிக்கிறவர் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நம் ஊர்க்காரர் சொன்னது என்றால் கொஞ்சம் எடுபடும்.

பீரோவில் நல்லது இல்லை என்றால் வேறு வழிகள் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன; எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ‘நுழை’ புத்தகங்கள் பெரிய உதவி. 4, 5ஆம் வகுப்புக்கு வந்த ‘ஊஞ்சல்’ இதழ்களும் மேல் வகுப்புகளுக்கு வந்த ‘தேன்சிட்டு’ இதழ்களும் அலுவலக அறையில் கட்டுக்கட்டாக இருக்கலாம், தேடிப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால் தைரியமாக அச்செடுத்துக்கொள்ளலாம். நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தை நூல்கள் விலை குறைவு. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆனால் அங்கிருந்தும் எடுத்து வந்து சுற்றுக்கு விடலாம்.

வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்காதீர்கள். படக்கதைப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது. அடுக்கினால் ஒன்றும் தெரியாது. சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் அட்டை தெரிய மாட்டுங்கள். கயிறு பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்கட்டும், நம் கண் உயரத்தில் அல்ல. ஒரே நேரத்தில் பதினைந்து இருபது போதும், மீதியைப் பெட்டியில் வைத்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றுகிற அன்று கூட்டம் கயிற்றடியில்தான் நிற்கும்.

எடுத்ததும் வைத்ததும் எழுத ஒரு நோட்டு, அதற்கு வாரம் ஒரு பிள்ளை பொறுப்பு. கிழிந்த புத்தகத்தை ஒட்ட ஒரு டேப், ஒரு ஃபெவிகால் டப்பா. கிழித்தவனைத் திட்டாமல் ஒட்டச் சொல்லுங்கள். திட்டினால் அடுத்த முறை கிழிந்த புத்தகம் திரும்பியே வராது.

படி 2: நாம் வாசித்துக் காட்டுவது

கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. இரண்டும் வேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் முதலாவதை மட்டும் செய்கிறோம். கதை சொல்லும்போது பிள்ளைக்குக் கதை கிடைக்கிறது. வாசித்துக் காட்டும்போது, இந்தக் கதை இந்தத் தாளில் இந்த எழுத்துகளுக்குள் இருக்கிறது, நாளைக்கு நானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற செய்தியும் கூடவே கிடைக்கிறது.

தினமும் பத்து நிமிடம். மதிய உணவு முடிந்து மணி அடித்ததும் வைத்துக்கொண்டால் நல்லது. அந்த நேரத்தில் கணக்கு நடத்தினாலும் யாருக்கும் ஏறப்போவதில்லை. பிள்ளைகளை அரை வட்டமாகத் தரையில் உட்கார வைத்து, நீங்களும் தாழ்வாக உட்காருங்கள். முந்தின நாள் வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் மூச்சுப் பிடித்துக் காத்திருப்பார்கள் என்று அப்போதுதான் தெரியும். அங்கே ஒரே ஒருமுறை நிறுத்தி, “இப்ப என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டால் அது மறுபடி பாடமாகிவிடும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை பேசுவது “போனான், வந்தான், ஓடிட்டிருந்தப்ப” என்ற தமிழ். புத்தகத்தில் இருப்பது “சென்றான், வந்தடைந்தான், ஓடிக்கொண்டிருந்தபோது”. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது தமிழைக் காதால் கேட்கிற வாய்ப்பே குறைவு. காதில் விழாத மொழியைக் கண்ணால் படிக்கச் சொல்கிறோம், அவன் திணறுகிறான். வாசித்துக் காட்டுவது இதற்குத்தான் மருந்து. அதனால் வாசிக்கும்போது எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். இருப்பதை இருப்பது போலவே, ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள். புரியாத இடம் வந்தால் முகத்தில் தெரியும். அப்போது நடுவில் ஒரு வரி பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்துக்குத் திரும்புங்கள். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்குச் “சென்று வருகிறேன் நண்பா” என்று பேசிக்கொள்வதைக் கேட்பீர்கள். அது கேலிதான். ஆனாலும் காதில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர்கள் பதில் சொல்லும்போது நாம் எழுத்துத் தமிழைக் கேட்கக் கூடாது. “முழு வாக்கியத்தில் நல்ல தமிழில் சொல்” என்ற ஒரு கட்டளையில் பாதி வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். புத்தகம் அதன் தமிழில் பேசட்டும், பிள்ளை தன் தமிழில் பேசட்டும்.

படி 3: தானே வாசிக்கும் நேரம்

வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம். பிடித்த புத்தகத்தை எடுத்து, பிடித்த இடத்தில் உட்கார்ந்து படிப்பது. அந்த நேரத்தில் நீங்களும் ஒரு புத்தகம் படியுங்கள். வருகைப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டே “படிங்க, படிங்க” என்றால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்து, தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தைக் கூட்டாளியோடு படிக்கலாம், அல்லது தள்ளி வைக்கலாம். பாதியில் வைத்துவிட்டு வேறு எடுப்பது தப்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாம் வாங்கிய புத்தகத்தில் எத்தனையை முடித்திருக்கிறோம்? ஒரே புத்தகத்தை ஏழு முறை எடுக்கிற பிள்ளையையும் விட்டுவிடுங்கள்.

எழுத்துக்கூட்டும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு தனிச் சுமை இருக்கிறது. 247 எழுத்தையும் அறிந்த பிள்ளைகூட “சொல்லிக்கொண்டிருந்தபோதிலும்” என்ற ஒரே சொல்லின் முன் மூச்சு முட்டி நின்றுவிடுவான். அப்படிப்பட்ட நீளச் சொற்களை விரலால் மறைத்து மறைத்துக் காட்டுங்கள்: சொல்லி, கொண்டு, இருந்த, போதிலும். ரயில் பெட்டிகளைக் கழற்றுவது போல. அப்புறம் அவர்களே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரிப்பார்கள், புத்தகத்தில்தான். பதிவேட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

படி 4: எழுதும் முன் பேச்சு

படித்து முடித்ததும் நோட்டை எடுக்கச் சொன்னால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். முதலில் பேச வேண்டும். எய்டன் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், ஆசிரியராகவும் இருந்தவர், இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, இதுபோல வேறு எங்கே பார்த்திருக்கிறாய் என்று நாலே வழியில் பேச்சைத் திறப்பது. “ஏன்?” என்று கேட்பதை அவர் தவிர்க்கச் சொன்னார், அது போலீஸ் விசாரணை மாதிரி ஒலிக்கும் என்பதால். அதற்குப் பதில், “அதைப் பத்திச் சொல்லேன்.”

நம் வகுப்பில் இதில் வெடிப்பது இரண்டாவது கேள்விதான். புத்தகத்தில் பிடிக்காதது ஒன்று இருக்கலாம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதே இல்லை. முதல் நாள் அமைதியாக இருப்பார்கள். நீங்களே ஒன்றைச் சொல்லி ஆரம்பித்து வையுங்கள். “எனக்கு இந்த ராஜா ரொம்ப சீக்கிரம் மனசு மாறினது நம்புற மாதிரி இல்லப்பா” என்று நான் சொன்னதும் ஒரு பெண், “ராணி ஒரு வார்த்தையும் பேசவே இல்ல டீச்சர்” என்றாள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினோம். உண்மைதான், பேசவே இல்லை. அடுத்த வாரம் அந்த ராணிக்கு வசனம் எழுதுவதே எங்கள் வேலையாகிவிட்டது.

கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, பேச்சு நடையிலேயே எழுதுங்கள். எந்தப் பதிலுக்கும் “வெரி குட்” சொல்லாதீர்கள். ஒன்றுக்குச் சொன்னால் மற்றவர்கள் அந்தப் பதிலை நகலெடுப்பார்கள். தலையசைத்து எழுதினால் போதும்.

‘குழப்பியது’ என்ற கட்டத்தில் விழுவதுதான் அடுத்த வாரச் செயல்பாட்டுக்கு விதை. தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை.

படி 5: விளையாட்டும் நடிப்பும்

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். நான் திரும்பத் திரும்பச் செய்து பலன் கண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

வழக்காடு மன்றம். இது போல வேறொன்று இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழக்கு இருக்கிறது. காகம் மீது பாட்டி தொடுத்தது, நரி மீது காகம் தொடுத்தது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, இரு தரப்புக்கும் வழக்கறிஞர், சாட்சிகள், நடுவராக மூன்று பிள்ளைகள். தயாரிக்க ஒரு பீரியட், வாதாட ஒரு பீரியட். விதி ஒன்றே ஒன்று: எதைச் சொன்னாலும் எதிர்த் தரப்பு “எந்தப் பக்கத்தில் இருக்கு?” என்று கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் வாதம் செல்லாது.

இந்த விதிதான் எல்லாவற்றையும் செய்கிறது. என் வகுப்பில் நரியின் வக்கீல் எழுந்து, “நரி பாட்டுத்தான் கேட்டுச்சு. வடையைக் கேட்கவே இல்லை. கீழே விழுந்ததை எடுத்தது எப்படித் திருட்டாகும்?” என்றான். காகத்தின் கட்சி பத்து நிமிடம் புத்தகத்தைத் துழாவியது. கடைசியில் ஒரு பெண், “நரி ‘தந்திரமாக’ச் சொன்னதுன்னு நாலாவது பக்கத்துல இருக்கு, தந்திரம்னா உள்ள எண்ணம் வேறன்னுதானே அர்த்தம்?” என்றாள். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறாள்! தேர்வில் ‘தந்திரம்’ என்பதற்குப் பொருள் எழுதச் சொன்னால் இது வருமா? தீர்ப்பு என்ன என்று கேட்காதீர்கள். நடுவர்கள் மூன்று பேரும் மூன்று தீர்ப்புச் சொன்னார்கள்.

வேறொரு பதிப்பில் காகம் உஷாராகி வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடும். அந்தப் புத்தகம் கையில் இருந்தால் முதலில் காட்டாதீர்கள். வழக்கு முடிந்த பிறகு வாசித்துக் காட்டுங்கள்.

வில்லுப்பாட்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளி காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு குடம், தட்ட இரண்டு ஸ்கேல் போதும். இதில் உயிர்நாடி பின்பாட்டுக்காரர்தான். அவர் வேலை “ஆமா” போடுவதும், நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பதும். “அதெல்லாம் சரிண்ணே, அவரு ராத்திரி ஏன் கிணத்துப் பக்கம் போனாரு?” என்று பின்பாட்டுக்காரர் கேட்டால், பாடுபவருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நல்ல கேள்வி எழுத மூன்று முறை கதையைப் படிப்பார்கள். வினாத்தாள் தயாரிக்கும் நமக்கு இது தெரியும்.

ஊர்ப் படம். கதை நடக்கிற இடத்தை நாலு பேர் சேர்ந்து ஒரு சார்ட்டில் வரைவது. மரம் எங்கே, கிணறு எங்கே, காட்டிலிருந்து அரண்மனைக்கு எவ்வளவு தூரம்? “காலையில் புறப்பட்டு மாலையில் அடைந்தான்” என்று ஒரு வரி இருந்தால் சண்டையே வரும். வரட்டும், புத்தகம்தான் பஞ்சாயத்து.

சிலை விளையாட்டு சின்ன வகுப்புக்கு ஏற்றது. கதையில் ஒரு காட்சியை நாலைந்து பேர் அசையாமல் நின்று காட்ட, மற்றவர்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பார்கள். நீங்கள் ஒரு சிலையின் தோளைத் தொட்டால் அது மனசில் நினைப்பதை ஒரு வரி சொல்ல வேண்டும். பேசாத பிள்ளைகளுக்கு இது நல்ல வாசல். ஒரு வரிதானே, அதுவும் தன் பெயரில் இல்லை.

கதாபாத்திரங்களுக்கு விடுகதை போடுவது ஐந்து நிமிட வேலை, மணி அடிக்கக் காத்திருக்கும் நேரத்துக்கு.

படி 6: எழுத்து

“கதையைச் சுருக்கி எழுதுக” என்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடலாம். அதற்குப் பதில் இரண்டு பயிற்சிகள்.

ஒன்று, விட்டுப்போன பக்கம். எந்தக் கதையிலும் ஆசிரியர் தாண்டிப்போன இடம் இருக்கும். ஏழாம் பக்கத்தில் பொழுது சாய்கிறது, எட்டாம் பக்கத்தில் விடிகிறது. அந்த இரவில் என்ன நடந்தது? அதை எழுதுவது. எட்டாம் பக்கத்தோடு முட்டாமல் எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முட்டினால் கூட்டாளி கண்டுபிடித்துவிடுவான்.

இரண்டாவது, வேறொருவரின் நாட்குறிப்பு. தெனாலிராமன் பூனை வளர்த்த கதை தெரியும்தானே? முதல் நாளே கொதிக்கிற பாலை வைத்து, பூனை வாய் வெந்து, அப்புறம் பாலைக் கண்டாலே ஓடும். எல்லோரும் ராமனின் சாமர்த்தியத்துக்குச் சிரிக்கிறோம். அந்தப் பூனையின் நாட்குறிப்பை எழுதச் சொன்னேன். “இன்று எனக்குப் புது வீடு. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பால் வைத்தார்” என்று ஆரம்பித்திருந்தான் ஒருவன். சிரிப்புக் கதை என்றுதான் இத்தனை வருஷம் நானும் நடத்தியிருந்தேன்.

எழுதியதை வைக்க ஒரு புத்தகம் வேண்டும். ஒரே ஏ4 தாளில், ஒட்டாமல், தைக்காமல் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து விரியுங்கள். அடுத்து அகலவாக்கில் இரண்டாக மடித்து, அதை அதே திசையில் இன்னொரு முறை மடித்து, முழுதாக விரியுங்கள். எட்டுக் கட்டங்கள் தெரியும். இப்போது குறுகிய ஓரங்கள் ஒன்றோடொன்று சேர அகலவாக்கில் ஒருமுறை மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட நீளம் மட்டும் கத்தரியால் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். மறுபடி நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறந்து, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி வரும். ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம். முன் அட்டை, பின் அட்டை, உள்ளே ஆறு பக்கம். முதல் தடவை பாதிப் பேர் முழு நீளத்துக்கும் வெட்டித் தாளை இரண்டாக்குவார்கள். அதற்காகப் பழைய தாளில் ஒத்திகை.

பிழைகளை என்ன செய்வது? ல, ள, ழ மூன்றும் நடனமாடும், ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ற’ உட்கார்ந்திருக்கும். முதல் பிரதியில் சிவப்பு மையைத் தொடாதீர்கள். நோட்டு திரும்பும்போது முப்பது வட்டம் இருந்தால் அடுத்த வாரம் தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து மூன்று வரி எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பிழையில்லாமல் இருக்கும், ஒன்றும் இருக்காது. திருத்தத்துக்கென்று தனி நாள் வையுங்கள். கயிற்றில் தொங்கப்போகும் பிரதியை எழுதும் முன், எழுதியவரும் கூட்டாளியும் நீங்களும் சேர்ந்து பார்ப்பது. கூடவே ஒன்று: பாட்டி பேசுகிற வரியில் “அடேய், எங்கடா போயிட்ட?” என்று இருந்தால் அது பிழை இல்லை. பாட்டி அப்படித்தான் பேசுவார்.

படி 7: குறிப்பும் மதிப்பீடும்

யார் எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை மட்டும் வேண்டாம். நான் ஒட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டே வாரத்தில் எல்லோரும் எட்டுப் பக்கப் புத்தகங்களையே எடுத்தார்கள், ஒருவன் ஒரே நாளில் பதினொன்று ‘படித்தான்’.

பிள்ளைக்கு ஒரு பக்கம் வீதம் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தினம் இரண்டு மூன்று பேரைப் பற்றி ஒரு வரி எழுதினால் பத்துப் பன்னிரண்டு வேலை நாளில் வகுப்பு ஒரு சுற்று வரும். “தானாகப் புத்தகம் எடுத்தாள்.” “படத்தை மட்டும் பார்க்கிறான்.” “முந்தின கதையோடு ஒப்பிட்டான்.” இப்படி. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு ஏதாவது செயல்பாட்டைக் காட்டித்தானே ஆக வேண்டும்? வழக்காடு மன்றக் குறிப்பையும் குட்டிப் புத்தகத்தையும் காட்டலாம். தனி வேலை மிச்சம்.

இடையில் வரும் சிக்கல்கள்

பாடம் முடிக்க நேரமில்லை என்பது முதல் புகார். தமிழ்ப் பாடநூலின் கதைப் பாடங்களையே இப்படி நடத்திப் பாருங்கள். இரண்டு பீரியட் கூடப் போகும், ஆனால் வினா விடை எழுதிப்போட வேண்டிய பீரியட் குறையும். வழக்காடியவர்களுக்கு விடை தெரியும்.

ஈராசிரியர் பள்ளியில் நாலைந்து வகுப்பு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இந்த வேலைக்கு அது வசதிதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். சரியாகப் படிக்கத் தெரியாத பெரிய பையனுக்கு இதில் ஒரு மரியாதையான வழியும் கிடைக்கிறது. தம்பிக்கு வாசிக்கத்தான் எளிய புத்தகத்தை எடுக்கிறான், தனக்காக இல்லை.

வீட்டில் புத்தகமே இல்லை, பெற்றோருக்குப் படிக்கத் தெரியாது என்றால் கதையை எதிர்த் திசையில் கொண்டுவாருங்கள். தாத்தாவோ ஆயாவோ சொல்லும் கதையைக் கேட்டு வந்து பிள்ளை எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் கொண்டுவந்ததில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பேய்க் கதைகளும் முனிக் கதைகளும்தான் அதிகம். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டேன். குட்டிப் புத்தகத்தின் அட்டையில் ‘சொன்னவர்: ஆயா, எழுதியவர்: பேத்தி’ என்று போட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த அந்த ஆயா புத்தகத்தை வாங்கித் தன் பெயர் எது என்று கேட்டார். பேத்தி விரல் வைத்துக் காட்டினாள்.

பிள்ளைகள் செய்த புத்தகங்களை ஏப்ரலில் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கேட்டு வாங்கி, எண் போட்டு, எடுத்ததும் வைத்ததும் எழுதும் அதே நோட்டில் ஏற்றி, அச்சுப் புத்தகங்களோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது அறுபத்திரண்டு இருக்கிறது. ஜூனில் பெட்டியைத் திறந்து கயிற்றில் மாட்டினால், புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் எடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். பூனையின் நாட்குறிப்புக்கு எப்போதும் வரிசை நிற்கிறது, டேப் ஒட்டி ஒட்டித் தடித்துப் போய்விட்டது. எழுதியவன் இப்போது எட்டாம் வகுப்பு. இரண்டாம் பாகம் உண்டா என்று கேட்கப் பொடியன்கள் மதிய இடைவேளையில் அவன் வகுப்பு வாசலில் போய் நிற்கிறார்கள்.